பழைய ஓட்டு வீட்டில் புதுக் குடித்தனம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி செட்டிநாட்டுப் பக்கம், மீதி தஞ்சாவூரும் நெல்லையும். படம் அனுப்பச் சொன்னால் எல்லாரும் வாசல் கதவைத்தான் எடுத்து அனுப்புகிறீர்கள். கதவு அழகாக இருக்கிறது, சரி. எனக்கு வேண்டியது சுவரின் அடிப்பகுதியும் கூரையின் உட்புறமும்.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒழுகுகிறது. ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? (மானாமதுரை)

வேண்டாம். ஓட்டுக் கூரை மரத்தோடு சேர்த்து சதுர அடிக்கு ஆறேழு கிலோ வரும், நாட்டு ஓடு என்றால் இன்னும் கொஞ்சம் கூட. ஐந்து அங்குலத் தளம் முப்பது கிலோ. உங்கள் சுவர் மண் சாந்தில் கட்டியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது எதைத் தாங்கும் என்று மேஸ்திரியிடமே கேளுங்கள். ஒழுகல் பெரும்பாலும் இரண்டு சரிவு சேரும் கூடல்வாயில்தான் இருக்கும். அங்கே உள்ள தகரத்தை மாற்றி, ஓட்டைத் தாங்கும் மரச் சட்டங்களான ரீப்பர்களில் உளுத்துப்போனதையும், உடைந்த ஓட்டையும் மாற்றினால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

முற்றத்தில் மழை அடிக்கிறது. பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடலாமா?

கூடாது. சூடான காற்று வெளியேறும் வழியே அதுதான். மூடிவிட்டு மறு மாதமே ஏசிக்கு விலை கேட்பீர்கள். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்தால் கம்பி வலை போடுங்கள். சாரல்தான் தொல்லை என்றால் தாழ்வாரத்தில் மூங்கில் தட்டி தொங்க விட்டால் போதும்.

பழைய வீட்டைப் பசுமை வீடாக மாற்ற எவ்வளவு செலவாகும்?

எந்த ஊர், எத்தனை சதுர அடி, என்ன கூரை? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல?

ஆத்தங்குடி தரை மங்கிவிட்டது. ஆசிட் போட்டுக் கழுவலாமா? (காரைக்குடி)

ஐயோ. கண்ணாடி மேல் வார்த்து எடுத்தாலும் அது சிமெண்ட் கல்தான். ஆசிட் பட்டால் நிறத்தோடு மேல்தோலும் போய்விடும். தண்ணீர் விட்டுத் துடைத்து, காய்ந்தபின் துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். நடக்க நடக்கப் பளபளப்பு தானே வரும்.

சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். போன வருடம் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, மேலே டேம்ப்ப்ரூஃப் பெயிண்ட்டும் அடித்தோம். இப்போது தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது. இன்னும் நல்ல பெயிண்ட் இருக்கிறதா? (தேவகோட்டை)

இதே கேள்விக்கு இதே பதிலை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த வாரம் யாராவது ஒருவர் சிமெண்ட் மூட்டையோடு வந்து நிற்கிறார். நல்ல பெயிண்ட் கிடையாது. பெயிண்ட்தான் வியாதி.

சுண்ணாம்பு பூசிய சுவரில் தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். ஏறும், உலரும், எழுபது எண்பது வருடம் அப்படியே ஓடியிருக்கிறது. நீங்கள் வெளியே சிமெண்ட், அதன்மேல் பெயிண்ட் என்று இரண்டு பூட்டு போட்டீர்கள். வெளியேற வழி இல்லாத ஈரம் உப்பையும் சுமந்துகொண்டு, பூச்சு முடியும் இடத்தைத் தேடி மேலே ஏறுகிறது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் கேட்கும் இடத்தில் ஒரு துண்டு பெயர்த்து எடுங்கள். அதன் பின்பக்கம் செங்கல் தூள் ஒட்டிக்கொண்டு வரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தத் தூள் உங்கள் சுவர்தான்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எந்த வேலைக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகியிருக்கும், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரு படி போதும். வீட்டைச் சுற்றி சிமெண்ட் தரை போட்டிருந்தால் அந்த ஈரமும் சுவரைத்தான் தேடும். சுவரை ஒட்டி இரண்டடிக்கு அதை உடைத்தெடுத்து, சரளை போட்டு, சரிவாக வடிகால் கொடுங்கள். பிறகு ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமெண்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை வெறுமனே விடுங்கள். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டோம் என்றால் சுவருக்கு நாள்காட்டி தெரியாது.

பூச்சுக்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை மூன்று பங்கு. சுண்ணாம்பு குறைந்தது இரண்டு வாரமாவது தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும், நாள் கூடக் கூட நல்லது. கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்க்கலாம், ஆனால் கடுக்காய் போட்டுவிட்டு "பிடிக்கட்டுமே" என்று ஒரு சட்டி சிமெண்ட் கலக்கும் கொத்தனாரை அன்றே அனுப்பிவிடுங்கள். பூசியபின் ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், மெதுவாகத்தான் இறுகும். அதன்மேல் வெள்ளையடிப்பு மட்டும். எமல்ஷன் வேண்டவே வேண்டாம்.

ஓட்டுக் கூரை மேல் சோலார் வைக்கலாமா?

எடை ஒரு பிரச்சினையே இல்லை. காற்று தூக்குவதும், ஓட்டைத் துளைப்பதும், பேனலைத் துடைக்க ஏறுகிறவர் காலடியில் ஓடு உடைவதும்தான் பிரச்சினை. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும், நாளைக்கு நான்கு யூனிட் தரும். மாட்டுக்கொட்டகை மேலோ, கொல்லையில் இரும்புச் சட்டம் நட்டோ வையுங்கள். 2024 முதல் நடக்கும் மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. அதற்கு முன்னால் அந்தப் பழைய மரப்பட்டி வயரிங்கை மாற்றுங்கள்.

பின்பக்கம் இரண்டு அறையும் கழிப்பறையும் சேர்க்க வேண்டும். பழைய சுவரிலேயே ஒட்டிக் கட்டலாமா? (அம்பாசமுத்திரம்)

ஒட்டவே கூடாது. புதுக் கட்டடம் தன் பாட்டுக்கு ஒரு பருவம் இறங்கும், பழையது எப்போதோ இறங்கி முடிந்தது. பிணைத்தால் விரிசல்தான். தனி அஸ்திவாரம், தனிச் சுவர், நடுவில் இரண்டங்குல இடைவெளி, அதை மூட மேலே தகரம். கழிப்பறையும் குளியலறையும் புதுப் பகுதியில் மட்டும், செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து 50, 60 அடி தள்ளி. சுவருக்கு, உங்கள் மண் சரிப்பட்டால், 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி எடுக்கும் மண் கல் நல்லது. சூளையே வேண்டாம். ஆரோவில் மண் கட்டடக் கழகத்தில் பயிற்சி கொடுக்கிறார்கள். செங்கல்தான் என்றால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு கட்டுங்கள், கல்லை நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது, கால்வாசிக் கல் மிச்சம்.

புது வீட்டுக்குக் காரைக்குடியில் பழைய தேக்குத் தூண் வாங்கினால் அது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

யாரோ ஒருவர் வீட்டை இடித்ததால்தான் அது கடைக்கு வந்தது. ஏற்கெனவே இடிந்துபோன வீட்டுத் தூண் என்றால் வாங்குங்கள். உங்களுக்காக ஒன்றை இடிக்கச் சொல்லாதீர்கள். பிரித்த வீட்டை எப்படி மறுபடி நிறுத்துவது என்று பார்க்க, முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

மழைத் தண்ணீரைச் சேர்த்தால் வீட்டுக்குப் போதுமா? (சிவகங்கை)

ஆயிரம் சதுர அடிக் கூரை, வருடம் 90 செ.மீ. மழை என்று வைத்தால் 80,000 லிட்டர் சொச்சம். சிதறியது போக எழுபதாயிரம். குடிக்கவும் சமைக்கவும் தாராளம், தோட்டத்துக்குப் போதாது. முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். கூரையில் புறா குடியிருந்தால் மூன்று.