சிரித்ததால் கலங்கிய முகம்

அன்புள்ள டீச்சர்,

என் தாத்தா அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். லீவு கிடைத்தால் காட்டுப் பக்கம் நடக்கப் போய்விடுவாராம். ஹோர்ட்டன் சமவெளி, கிரிகல்பொத்த, பீதுருதாலகால என்று அவர் ஏறிய இடங்களின் படங்கள் ஓர் அல்பம் நிறைய இருக்கின்றன. எண்பதுகளில் சித்தப்பா அவற்றை ஒட்டும் அல்பத்துக்கு மாற்றினார். இப்போது கழற்ற முடியவில்லை. என்ன செய்யலாம்? மலையகப் புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்குக் கொடுக்க நினைத்தேன். "இது ஓர் உத்தியோகத்தரின் உல்லாசப் பயணம், நம் மக்களின் வரலாறு இல்லை" என்று நண்பர் ஒருவர் சொல்லிவிட்டார். அது சரிதானா? இரண்டு படங்களை இணைத்துள்ளேன். ஹோர்ட்டன் சமவெளியின் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் எடுத்த படத்தில் தாத்தாவுடனும் அவர் நண்பருடனும் நிற்கும் மூன்றாமவர் யாரென்று தெரியவில்லை. சுமை தூக்க வந்தவராக இருக்கலாம். முகமும் கலங்கியிருப்பதால் அவரை வெட்டிவிட்டு, மற்ற இருவரையும் செயலியில் வண்ணமாக்கலாம் என்று பார்க்கிறேன். மற்றப் படம் எந்த மலை என்று சொல்ல முடியுமா?

– ஒரு வாசகர், பண்டாரவளை

அன்புள்ள தம்பி,

அல்பத்தின் சங்கதியை முதலில் முடித்துவிடுகிறேன். எந்தப் படத்தையும் பிடித்து இழுக்காதீர்கள். ஒட்டியிருக்கும் நிலையிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, மெதுவாக அறுத்துக்கொண்டே போங்கள். வராத படம் அங்கேயே இருக்கட்டும். இரண்டாவது படம் பீதுருதாலகாலதான், கீழே நுவரெலியாவின் கிரகறி வாவி தெரிகிறது. உச்சியில் ஒரு கோபுரம்கூட இல்லை. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது அங்கே ஒளிபரப்புக் கோபுரம் வந்துவிட்டதால், படம் அதற்கு முந்தியது. வண்ணமாக்கும் வேலை வேண்டாம். செயலி ஊகித்துப் பூசும் நிறத்தை உங்கள் தாத்தா ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

உங்கள் நண்பர் சொன்னதைத்தான் என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. 2023இல், மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் நான் பார்த்த படங்களில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களும் கொழுந்துக் கூடைகளும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களங்களும் இருந்தன. அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு முகமாவது தன் சந்தோஷத்துக்காக எங்கேயாவது போய் நின்று சிரித்ததை அவற்றில் காணவில்லை என்ற குறை அப்போதிருந்தே என் மனதில் கிடக்கிறது. அந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

ஹோர்ட்டன் சமவெளி என்ற பெயர் 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனுடையது. அங்குள்ள அருவிக்கு, நுவரெலியாவில் பண்ணை வைத்து யானைகளையும் மரைகளையும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெயர். பழைய தங்குமிடத்துக்கு, தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர். வேட்டைக்கும் குளிர் காற்றுக்கும் பொழுதுபோக்குக்கும் மலையேறிய துரைமாரின் உல்லாசம் இப்படி வரைபடத்தில் ஏறி, பள்ளிப் புத்தகத்தில் ஏறி, வரலாறாகிவிட்டது. அதே புல்வெளியில் ஒரு தமிழ்க் கிளாக்கர் தன் சம்பளத்தில் பிலிம் சுருள் வாங்கிக்கொண்டு நடந்தால் மட்டும் அது வரலாற்றில் சேராது என்று சொல்வதற்கு உங்கள் நண்பருக்கு எப்படி மனம் வந்தது? அவர் சொன்னதைக் கேட்டு அல்பத்தை மூடிவைக்க உங்களுக்குத்தான் எப்படி மனம் வந்தது? அழுத நாட்களை மட்டும் எழுதிவைத்தால், அழுவதற்கென்றே பிறந்தவர்கள் என்று நம் பிள்ளைகள் நம்மை நினைப்பார்கள்.

உத்தியோகத்தரும் தொழிலாளியும் ஒரே வாழ்க்கை வாழவில்லை என்பது உண்மை. கிளாக்கரின் குவாட்டர்சுக்கும் லயத்துக்கும் இடையில் இருந்த தூரத்தை லயத்தில் பிறந்த நான் நன்றாக அறிவேன். ஆனால் சந்தோஷம் உத்தியோகத்தருக்கு மட்டும் உரியது என்று நினைப்பதும் அதே தூரத்தைத்தான் காப்பாற்றுகிறது.

என் அம்மா கொழுந்து பறித்தவர். கலியாணத்துக்கு முன்னர் ஒரு சீசனில் தோட்டத்துப் பெண்களோடு நல்லதண்ணி வழியாக இரவெல்லாம் சிவனொளிபாத மலை ஏறியிருக்கிறார். ரொட்டியும் சம்பலும் துணியில் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போனார்களாம். பாதத்தைக் கும்பிட்டதை அம்மா ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார். சூரியன் வந்ததும் மேற்குப் பக்கத்தில் மலையின் நிழல் முக்கோணமாக, யாரோ அளந்து வெட்டியதுபோல் விழுந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அதோடு இன்னொன்றும் சொல்வார்: "அன்னைக்குத் தலையில கயிறும் இல்ல, முதுகுல கூடையும் இல்ல புள்ள." அந்த நாளின் படம் எங்களிடம் இல்லை. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்ட பிறகு, பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்காக ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் அம்மாவின் கழுத்து விறைத்திருக்கிறது, வாய் இறுக மூடியிருக்கிறது. அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் அம்மா கடுமையானவர் என்று நினைக்கிறார்கள். எவ்வளவு சொன்னாலும் நம்புவதில்லை.

இனி நீங்கள் வெட்ட நினைக்கும் மூன்றாமவருக்கு வருகிறேன். படத்தைத் திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். உங்கள் தாத்தாவும் நண்பரும் சப்பாத்து அணிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நிற்கிறார்கள். மூன்றாமவர் வெறுங்காலோடு நிற்கிறார். தோளில் கம்பளி, அதன் மேல் ஒரு சாக்கு மூட்டை. பின்னால் பள்ளத்தாக்கு இல்லை, வெறும் வெள்ளைதான் இருக்கிறது. உலக முடிவில் காலை பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் 800 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளத்தில் ஒரு மரம்கூடத் தெரியாது என்பது போனவர்களுக்குத் தெரியும். ஒஹிய ஸ்டேசனில் இறங்கி அவ்வளவு தூரம் ஏறி வந்து, காட்சி மறைந்த பிறகு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெட்டிக் கமராவின் ஷட்டர் மெதுவானது, ஆள் அசைந்தால் முகம் கலங்கிவிடும். அவருடைய கால்கள் கலங்கவில்லை, மூட்டையின் முடிச்சு தெளிவாக இருக்கிறது, முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. வாயின் இடத்தில் பல்லின் வெள்ளை பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. தம்பி, அந்த மனிதர் தலையை ஆட்டிச் சிரித்திருக்கிறார். ஒரு சுருளில் இத்தகைய சதுரப் படம் பன்னிரண்டுதான் எடுக்கலாம். அதில் ஒன்று இப்படிக் கலங்கிப்போனது தெரிந்தும், உங்கள் தாத்தா அதைக் கழுவிப் பிரதி எடுத்து அல்பத்தில் வைத்திருக்கிறார். அவர் வெட்டாமல் வைத்த ஆளை நீங்கள் வெட்டுவீர்களா?

"சுமை தூக்க வந்தவராக இருக்கலாம்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியில்தான் எனக்குக் கோபம் வந்தது. சுமை தூக்கியவருக்குப் பெயர் இருந்திருக்கும். அவருடைய பேரப்பிள்ளைகள் அப்புத்தளையிலோ, ஒப்பந்தத்தில் போயிருந்தால் நீலகிரியிலோ இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் இருப்பதும் என் அம்மாவின் படத்தைப் போன்ற விறைத்த படம் ஒன்றாகவே இருக்கலாம். நண்பரின் பேச்சை வைத்துக்கொண்டு கண்காட்சிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் இதை விசாரித்திருக்கலாம்.

உங்கள் அப்பாயி இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே படத்தை எடுத்துக்கொண்டு போங்கள். கேள்விகளை அடுக்காதீர்கள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அவராகவே பேசுவார். அவர் இல்லையென்றால் தாத்தா வேலை செய்த தோட்டத்தில் வயதானவர்களிடம் கேளுங்கள். பெயர் கிடைத்தால் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், மூவரின் பெயரையும் இடமிருந்து வலமாக எழுதுங்கள். போல்பொயின்ட் பேனா முன்பக்கத்தில் தழும்பு போட்டுவிடும். கிடைக்காவிட்டால் "கம்பளியோடு நிற்பவர், பெயர் தேடுகிறோம்" என்று எழுதி, அதே வரியோடு முழுப் படத்தையும் கண்காட்சிக்குக் கொடுங்கள். பார்க்க வருபவர்களில் ஒருவருக்காவது அவரைத் தெரிந்திருக்கலாம்.

அன்புடன்,
டீச்சர்