சலான் கட்டியும் ஓட்டுநரின் வேகம் குறையவில்லை: உரிமையாளர் என்ன செய்யலாம்?

பாலக்கோடு பகுதியில் இரண்டு சிறு சரக்கு வண்டிகளை வைத்துத் தக்காளி ஏற்றி அனுப்பும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சேலம் மண்டிக்குப் போகும் என் வண்டிக்கு அதிவேகத்துக்கான இ-சலான் அடிக்கடி வருகிறது. இதுவரை நானே கட்டிவிட்டேன். இனிமேல் ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தால் அவர் வேகத்தைக் குறைப்பாரா?"

சம்பளத்தில் பிடிப்பதால் மட்டும் குறைக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அபராதம் ஓட்டுநரின் பழக்கத்தை மாற்றுமா என்பது பல நாடுகளில் ஆராயப்பட்ட கேள்வி. கிடைத்த விடைகள் முதல் பார்வைக்கு ஒன்றோடொன்று முரண்படுபவை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்து ஓட்டுநர்களைப் பற்றி 2003-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, போக்குவரத்துக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற அடுத்த மாதத்தில் அந்த ஓட்டுநர் உயிரிழப்பு விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைவதாகவும், மூன்று நான்கு மாதங்களில் அந்தப் பலன் கரைந்துவிடுவதாகவும் கண்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த ஆய்விலோ, வேகத்துக்காக அபராதம் பெற்றவர்கள் அடுத்த ஓராண்டில் மறுபடியும் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இதைக் கொண்டு அபராதம் வேகத்தைக் கூட்டியது என்று சொல்லிவிட முடியாது. எப்போதும் விரட்டி ஓட்டுபவரே முதலிலும் சிக்குகிறார், பிறகும் சிக்குகிறார் என்பதைத்தான் அந்தக் கணக்கு காட்டுகிறது.

இந்தச் சிக்கலைத் தவிர்த்துப் பார்த்தவர்கள் செக் நாட்டின் பிராக் நகரையொட்டிய புறநகர்களின் கேமராப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள். அபராதம் அனுப்பப்படும் வேக எல்லையை மயிரிழையில் தாண்டிச் சிக்கியவர்களையும், மயிரிழையில் தப்பியவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இவ்விரு வகையினரும் ஓட்டும் பழக்கத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள் என்பதால் ஒப்பீடு நியாயமானது. அபராதச் சீட்டு பெற்றவர்களிடம் வேகமீறல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் அவர்கள் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது அடுத்த முடிவு: அபராதத் தொகை கூடுதலாக இருந்ததால் கிடைத்த பலன் மிகச் சிறியது, உறுதியாகச் சொல்லவும் முடியாதது. அங்கே கேமரா அதே இடத்தில் நாள்தோறும் நின்றது. மீறினால் சீட்டு வரும் என்பதை ஓட்டுநர் நேரில் தெரிந்துகொண்டதுதான் வேலை செய்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் வண்டியில் நடப்பது இதற்கு நேரெதிரானது. குறுஞ்செய்தி உங்கள் கைபேசிக்கு வருகிறது, பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது, ஓட்டுநருக்கோ எந்த இடத்தில் எந்த வேகத்தில் சிக்கினோம் என்பதே தெரிவதில்லை. மாதக் கடைசியில் ஒரு தொகையைப் பிடித்தால் அவருக்கு முதலாளி மீது வருத்தம் வரும். வேகத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மனத்தில் பதியாது. எனவே சலான் வந்த அன்றே அதிலுள்ள படம், இடம், நேரம், பதிவான வேகம் ஆகியவற்றை அவருக்குக் காட்டிப் பேசுங்கள். வண்டியில் ஜிபிஎஸ் இருந்தால் வரம்பைத் தாண்டியதும் ஒலிக்கும்படி அமையுங்கள். சாலையில் தற்செயலாகச் சிக்குவதைவிட, ஒவ்வொரு நடையும் பார்க்கப்படுகிறது என்ற எண்ணம் நீண்ட நாள் நிற்கும்.

அடுத்துச் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். விடியற்காலை ஏலத்துக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று நீங்கள் குறிக்கும் நேரம் சரியானதுதானா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு, வேக வரம்பை மீறி ஓட்டியவரை மட்டுமல்லாமல், தம்மிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்டச் செய்தவரையும் குற்றவாளியாகக் கருதுகிறது. வரம்பை மீறாமல் முடிக்க இயலாத ஒரு பயணத்தை இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தால், அந்த உத்தரவையே முதல்நிலைச் சாட்சியமாக (மாறாக நிரூபிக்கப்படும்வரை குற்றத்துக்குப் போதிய ஆதாரமாக) எடுத்துக்கொள்ளவும் அப்பிரிவு இடம் தருகிறது. சுமை ஏற்றுவதில் ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டால், அந்த ஒரு மணி நேரத்தைச் சாலையில் ஈடுகட்டும்படி ஓட்டுநரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் தாமதத்துக்குப் பேட்டாவைக் குறைத்தால் சொன்னதற்குச் சமம். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 60-இல் சென்றால் 65 நிமிடம், 80-இல் சென்றால் 49 நிமிடம். இந்தப் பதினாறு நிமிடத்தை ஏற்றுமிடத்திலேயே மிச்சப்படுத்த முடியும்.

அந்த வழியில் தொப்பூர் கணவாய் இருப்பதால் இது வெறும் அபராத விவகாரமல்ல. தருமபுரியிலிருந்து இறங்கும்போது டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்போது எஞ்சினின் பிடி அற்றுப்போகிறது, பிரேக் மட்டுமே சுமையைத் தாங்கிச் சூடேறுகிறது. எரிபொருளைக் குறைத்து வேகத்தை மட்டுப்படுத்தும் கருவி பொருத்தியிருந்தாலும் நியூட்ரலில் உருளும் வண்டியை அது தடுக்காது. டீசல் மிச்சத்துக்குப் பரிசு தரும் வழக்கம் உங்களிடம் இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.

சட்டப்படி தொகை எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத உங்கள் வண்டி முதல் வகையில் வரும். இரண்டாம் முறை முதல் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றவும் சட்டம் இடமளிக்கிறது. பணத்தைவிட இந்தச் செய்தியே ஓட்டுநரை யோசிக்க வைக்கும், ஏனெனில் அவருடைய பிழைப்பே அந்த உரிமத்தில்தான் இருக்கிறது. வேக வரம்பை மீறியபோது வண்டியை ஓட்டியவர் யார் என்று அதிகாரி கேட்டால் தெரிவிக்க வேண்டியது 133-ஆவது பிரிவின்படி உரிமையாளரின் கடமை. ஆகவே எந்த நடையை யார் ஓட்டினார் என்று ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.