ஐந்தாம் தலைமுறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஜப்பான் மன்னர்களால் சண்டை. மகளுக்குப் பள்ளியில் விநாடி வினா. அதற்கான கையேட்டில் 'உலகின் மிகப் பழைய அரச வம்சம் எது?' என்று ஒரு கேள்வி. விடை ஜப்பான். கி.மு. 660இல் ஜிம்மு தொடங்கி இன்றைய நருஹிதோ வரை 126 பேர், அறுபடாத ஒரே பரம்பரை என்று போட்டிருக்கிறது. 2,600 வருடம் ஒரே குடும்பமா, அடித்துவிடுகிறார்கள் என்றேன் நான். மைத்துனர், அவர்கள் கொரியாவிலிருந்து வந்தவர்கள், பேரரசரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்கிறார். பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து போனது என்று சுசுமு ஓனோ சொல்லிவிட்டாரே, அப்புறம் ராஜா மட்டும் எங்கிருந்து வந்திருப்பான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

யார் சொல்வது சரி? இவ்வளவு பழைய மன்னர்களின் வம்சாவளியை எதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

க.
ஈரோடு

அன்புள்ள க.,

பெரியப்பாவிடமிருந்து தொடங்குகிறேன், மூத்தவர் என்பதால். ஓனோ பெரிய ஜப்பானிய மொழியறிஞர். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் நடுவே அவர் அடுக்கிய சொற்களைப் படிப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் கோட்பாட்டை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டாலும் பெரியப்பாவுக்கு லாபமில்லை. ஓனோ பேசியது மொழியைப் பற்றி. அரியணையில் உட்கார்ந்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது வேறு வழக்கு.

இனி உங்கள் கையேடு. கி.மு. 660 என்ற ஆண்டு நிஹோன் ஷோகி என்ற வரலாற்று நூலின் கணக்கிலிருந்து வருகிறது. அந்நூல் அரசவையில் முடிக்கப்பட்டது கி.பி. 720இல். அதற்கு எட்டு ஆண்டு முந்தையது கொஜிகி. ஜப்பானில் முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய வரலாற்று நூல்கள் இவைதான். அதாவது முதல் மன்னருக்கும் அவர் கதையை எழுதியவர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 1,400 ஆண்டு.

இந்த 660 எப்படி வந்தது என்பதை மெய்ஜி காலத்து அறிஞர் மிச்சியோ நகா விளக்கினார். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு, சீனத்திலிருந்து வந்தது. அதில் 58ஆவது ஆண்டில் ஆட்சி புரளும் என்பது சீன நம்பிக்கை. 21 சுழற்சிக்கு ஒருமுறை, அதாவது 1,260 ஆண்டுக்கு ஒருமுறை, உலகமே புரளுமாம். பேரரசி சுய்கோவின் ஆட்சியில் கி.பி. 601 அப்படிப்பட்ட 58ஆவது ஆண்டு. அங்கிருந்து 1,260 ஆண்டு பின்னால் போங்கள். சரியாகக் கி.மு. 660இல் வந்து நிற்பீர்கள். ஆக, அது ஜோசியக்காரர் குறித்த நாள்.

நாளைக் குறித்தாயிற்று. நிரப்ப ஆள் வேண்டுமே? ஆட்களைக் கூட்ட முடியவில்லை, ஆயுளைக் கூட்டினார்கள். ஜிம்மு இறக்கும்போது வயது 127 என்கிறது நிஹோன் ஷோகி, 137 என்கிறது கொஜிகி. பத்தாம் மன்னர் சுஜினுக்கு ஒன்றில் 120, மற்றதில் 168. இதைவிட எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. 'நாட்டை முதன்முதலில் ஆண்டவர்' என்ற பொருளில் ஒரு பட்டம் ஜிம்முவுக்கு இருக்கிறது, சுஜினுக்கும் இருக்கிறது. இரண்டு முதலாமவர்! நடுவில் வரும் எட்டுப் பேரைப் பற்றி அப்பா பெயர், மனைவி பெயர், அரண்மனை இருந்த ஊர், கல்லறை இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு போர் இல்லை, ஒரு பஞ்சம் இல்லை. 'வரலாறு இல்லாத எட்டுத் தலைமுறை' என்றே ஜப்பானிய ஆய்வாளர்கள் இவர்களைச் சொல்கிறார்கள். 13ஆவது மன்னர் வரைக்கும் அப்பாவுக்குப் பின் மகன் என்று நூல் பிடித்தது போல் போகிற பட்டியல், ஐந்தாம் நூற்றாண்டை நெருங்கியதும் அண்ணனுக்குப் பின் தம்பி, அண்ணனைக் கொன்ற தம்பி என்று ஆகிவிடுகிறது. அங்கேதான் மனித வாடை அடிக்கத் தொடங்குகிறது.

இதையெல்லாம் இன்று நாம் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். சோகிச்சி சுதா என்ற வரலாற்றாசிரியர் இதே பாணியில் அந்த இரு நூல்களையும் அலசினார். 1940இல், ஜிம்முவின் 2,600ஆவது ஆண்டை நாடே கொண்டாடியபோது, அவர் நூல்களுக்குத் தடை வந்தது. 1942இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது.

அப்படியானால் பிடிமானம் எது? அந்தந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவை மிகச் சில. அவற்றில் ஒன்று வாள். தோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் இனாரியாமா என்ற மேட்டுக் கல்லறையை 1968இல் தோண்டினார்கள். கிடைத்தவற்றில் துருவேறிய இரும்பு வாள் ஒன்று. பத்து வருடம் அது வெறும் துரு. 1978இல் பாதுகாப்பு வேலைக்காக எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே எழுத்து. தங்கக் கம்பியை இழைத்து, முன்பக்கம் 57, பின்பக்கம் 58, மொத்தம் 115 எழுத்துகள். ஒவாகே என்பவன் தன் முன்னோர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, தன்னோடு சேர்த்து எட்டுத் தலைமுறை எண்ணி, 'வாளேந்திகளின் தலைவர்களாகத் தொண்டு செய்தோம். வகதகேரு பெருமன்னரின் அவை ஷிகி அரண்மனையில் இருந்தபோது நான் துணைநின்றேன்' என்று பொறித்துவைத்திருக்கிறான். ஆண்டு, அதே அறுபது ஆண்டுச் சுழற்சிப்படி, 471 என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள்.

வகதகேரு என்பது பட்டியலில் 21ஆவதாக வரும் யூர்யாகுவின் இயற்பெயரோடு பொருந்துகிறது. தென்கோடியில், கியூஷு தீவில், 1873இலேயே கிடைத்த இன்னொரு வாளில் பாதி அழிந்திருந்த மன்னர் பெயரும் இதே பெயர்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. அதுவரை அதை வேறொரு மன்னராகப் படித்துக்கொண்டிருந்தார்கள். 478இல் தென்சீனத்து சொங் அரசுக்கு, தன் முன்னோர் கவசத்தோடு மலையும் ஆறும் கடந்து நாடுகளை வென்றார்கள் என்று கடிதம் எழுதிய 'பு' என்ற வா நாட்டு (ஜப்பானுக்குச் சீனர்கள் வைத்திருந்த பழைய பெயர்) மன்னரும் இவரே என்பது பரவலான கருத்து. இரும்பும் சீனத்துக் காகிதமும் பிற்கால நூலும் ஒரே ஆளைக் காட்டுகின்றன. இங்கிருந்து தரை கெட்டி.

ஒன்று கவனித்தீர்களா? அந்த வாளில் இருப்பது மன்னரின் வம்சாவளி இல்லை. வேலைக்காரனுடையது. எட்டுத் தலைமுறையைத் தங்கத்தில் எழுதிக்கொண்டவன் மன்னரின் அப்பா பெயரைக்கூடச் சொல்லவில்லை. சீனர்களின் சொங் வரலாறு ஐந்து வா மன்னர்களைச் சொல்கிறது. முதல் இருவர் அண்ணன் தம்பி. கடைசி மூவர் அப்பாவும் இரு பிள்ளைகளும். நடுவில் இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் என்ன உறவு என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். மறதியா, உறவே இல்லையா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

உங்கள் 'அறுபடாத' என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை வருவது இதற்குப் பிறகு, 507இல். 25ஆவது மன்னர் புரெட்சு பிள்ளை இல்லாமல் இறந்தார். கர்ப்பிணியின் வயிற்றைக் கிழித்தார், ஆட்களின் நகத்தைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு தோண்டச் சொன்னார் என்று நிஹோன் ஷோகி அவரைப் பற்றிப் பயங்கரமாகச் சொல்கிறது. கொஜிகியில் இதில் ஒரு வரி கிடையாது. வம்சம் மாறும் இடத்தில் கடைசி மன்னனைக் கொடியவனாக்குவது சீன வரலாற்று நூல்களின் பழைய வழக்கம்.

அமைச்சர் ஒதோமோ கனமுரா வாரிசு தேடினார். முதலில் தன்பா நாட்டில், முன்னாள் மன்னர் ஒருவரின் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளை யமாதோஹிகோ கிடைத்தார். அழைத்துவரப் படையை அனுப்பினார்கள். தூரத்தில் படையைக் கண்டதும், கொல்லத்தான் வருகிறார்கள் என்று பயந்து மனிதர் மலைக்குள் ஓடிவிட்டார். அதோடு அவர் கதை முடிந்தது. எனக்கு இந்த நூலிலேயே மிகவும் நம்பும்படியான ஆள் இவர்தான்.

அடுத்து எச்சிசெனில், ஜப்பான் கடலோரத்தில், ஒஹோதோ. அப்பா சிறுவயதிலேயே இறந்துவிட, அம்மா தன் பிறந்த ஊருக்குத் தூக்கிப்போய் வளர்த்த பிள்ளை. இவரும் ஐந்தாம் தலைமுறைதான், 15ஆவது மன்னர் ஓஜினிலிருந்து. இவரும் சந்தேகப்பட்டார். ஆனால் குதிரை வளர்ப்போர் குலத்தில் பழக்கமான ஒருவன் ரகசியமாக ஆளனுப்பி, மூன்று இரவு பேசி நம்பவைத்தான். 57 வயதில் அரியணை. கெய்தாய் என்று நாம் படிப்பது பின்னால் சூட்டிய பெயர். 'உடலைத் தொடர்தல்' என்பது அந்த எழுத்துகளின் பொருள். அதிலேயே தெரியவில்லையா, எதை மறைக்கப் பாடுபட்டார்கள் என்று?

இறந்த மன்னர் புரெட்சுவின் அக்காள் தஷிரகாவை மணந்தார். அப்படியும் தலைநகரான யமாதோவுக்குள் நுழைய அவருக்கு ஏறத்தாழ 20 ஆண்டு பிடித்தது. மூன்று அரண்மனை மாறி, 526இல்தான் உள்ளே போனார். எல்லோரும் ஏற்றுக்கொண்ட வாரிசு என்றால் இவ்வளவு நாள் வெளியே நிற்க வைப்பார்களா?

ஐந்து தலைமுறையின் பெயர்கள்? நிஹோன் ஷோகி அப்பாவையும் மூதாதையையும் மட்டும் சொல்லி நடுவே உள்ள மூவரை விட்டுவிடுகிறது. அந்நூலோடு வம்சாவளிச் சுருள் ஒன்றும் இருந்தது; அது தொலைந்துபோனது. முழு வரிசையும் ஜோகூகி என்ற இன்னொரு தொலைந்த நூலில் இருந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு உரைகாரர் ஒருவர் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்காட்டியதால் பிழைத்தது. அதன் எழுத்துமுறை நிஹோன் ஷோகியைவிடப் பழையது. அதனால் 720இல் உட்கார்ந்து இட்டுக்கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வரிசையின் உச்சியில் நிற்கும் பெயர் ஓஜின்தானா, ஏறக்குறைய அதே ஒலியுள்ள வேறொரு இளவரசரா என்பதில் சிக்கல்.

'ஐந்து' என்ற எண்ணும் என்னை உறுத்துகிறது. 701ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாம் தலைமுறைக்கு இளவரசர் என்ற பெயர் உண்டு, அரச குடும்பத்தில் இடமில்லை. 706இல் அதைத் திருத்தி ஐந்தாம் தலைமுறையையும் உள்ளே சேர்த்தார்கள். 14 ஆண்டு கழித்து நூல் வெளிவருகிறது, அதில் கெய்தாய் எல்லைக்கோட்டுக்குள் காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் தூரத்து உறவுக்காரர், பெண் எடுத்து உள்ளே வந்தவர் என்பது என் ஊகம். இன்றைய அரச குடும்பம் அவருக்கும் தஷிரகாவுக்கும் பிறந்த கின்மெய்யின் வழி வருகிறது. ஆகவே 'அறுபடாத' என்பது அம்மா வழியில் ஒருவேளை சரியாகவே இருக்கலாம். ஆண்வழிதான் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இது பிடிக்காது.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. அப்போதைய பேரரசர் அகிஹிதோ 2001 டிசம்பரில், தன் 68ஆவது பிறந்தநாளையொட்டிய சந்திப்பில், பேரரசர் கன்முவின் தாய் பழைய கொரிய அரசான பெக்சேயின் மன்னர் முர்யோங்கின் வழி வந்தவர் என்று பழைய நூல் சொல்வதைக் குறிப்பிட்டு, கொரியாவோடு ஓர் உறவை உணர்வதாகச் சொன்னார். கன்மு 50ஆவது மன்னர், எட்டாம் நூற்றாண்டு. அது சம்பந்தம் செய்துகொண்ட கதை. வம்சம் தொடங்கிய கதை இல்லை. போக்குவரத்து இருபுறமும் இருந்தது. 1971இல் கொரியாவின் கொங்ஜுவில் கிடைத்த முர்யோங்கின் கல்லறையில் சவப்பெட்டி ஜப்பானில் வளரும் மரத்தால் செய்தது.

தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். மன்னர் கல்லறைகள் அரண்மனை நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. உள்ளே இருப்பவை முன்னோர்களின் ஆவிகள், தொடக்கூடாது என்கிறார்கள். நின்தோகுவினுடையது என்று சொல்லப்படும், 486 மீட்டர் நீளமுள்ள சகாய் நகரத்துக் கல்லறைக்கும் அதே கதிதான். கெய்தாய் விஷயத்தில் மட்டும் ஒரு வேடிக்கை. தொல்லியல் வருவதற்கு முன்பே ஓசகா அருகே இபராகியில் ஒரு கல்லறையை அவருடையது என்று முடிவுகட்டி வேலி போட்டுவிட்டார்கள். அது அவர் காலத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டாவது முந்தையது. உண்மையானது பக்கத்து ஊர் தகாத்சுகியில் உள்ள இமாஷிரோசுகா என்று ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் சொல்கிறார்கள். தப்பான கல்லறைக்கு வேலி போட்டதால் சரியான கல்லறைக்குக் காவல் இல்லை, தோண்ட முடிந்தது. வீடு, கோழி, வீரன், மல்லன், பூசாரிப்பெண் என்று வரிசையாகச் சுடுமண் உருவங்கள். 1596 நிலநடுக்கத்தில் மேடு சரிந்து உள்ளறை போய்விட்டது. கல் சவப்பெட்டிகளின் சில்லுகள் மட்டும் மூன்று விதக் கற்களில் கிடைத்தன. அதில் ஒன்று கியூஷுவின் அசோ எரிமலைப் பக்கத்து இளஞ்சிவப்புக் கல், கடல் வழியே கொண்டுவந்திருக்கிறார்கள். மூன்று கல் என்றால் மூன்று பெட்டி. ஒன்று அவருக்கு. மற்ற இரண்டும் யாருக்கு?

இப்போது அது பூங்கா. சுடுமண் உருவங்களின் நகல்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மேட்டின் மேல் யாரும் ஏறலாம். மகள் விடைத்தாளில் கி.மு. 660 என்றே எழுதட்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். யமாதோஹிகோ ஓடிப்போன கதையை மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள்.