20 வினாடி அனிமேஷன் விளம்பரத்துக்கு ஒன்றரை மாதமா?

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: டிவிக்கு 20 வினாடி அனிமேஷன் விளம்பரம், ஸ்டுடியோக்காரர்கள் ஒன்றரை மாதம் கேட்கிறார்கள், நியாயமா?

நியாயம்தான். நம் டிவியில் வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து வரும் 25 அசையாப் படங்கள். 20 வினாடிக்கு 500. ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால், கையால் வரைந்தால் 250 படமாவது வேண்டும்.

ஆனால் நாள் போவது வரைவதில் மட்டும் இல்லை. முதலில் ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிகளை வரிசையாகக் காட்டும் மாதிரிப் படங்கள். அப்புறம் அந்தப் படங்களைக் குரலோடு கோத்து, அனிமேட்டிக் என்று ஒன்றைக் காட்டுவார்கள். பார்க்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும், சிரிக்காதீர்கள். மாற்றம் ஏதும் இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வாயசைவைக் குரலுக்கு ஏற்பத்தான் வரைகிறோம். பிறகு வசனத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும், 'ம', 'ப' வரும்போது உதடு மூடும் படங்கள் இடம் மாறிவிடும். அந்த ஷாட்டைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு ஆலைக்காரர், எல்லாம் முடிந்த பிறகு, "மாம்பழம் உருண்டையா இருக்கே, கூழுக்குப் போறது பெங்களூரா ஆச்சே, மூக்கு எங்கே?" என்றார். அவர் சொன்னது சரி; பெங்களூரா என்பது நுனி வளைந்த மாம்பழ ரகம், அந்தக் கிளிமூக்கு இல்லாமல் அது அந்தப் பழமே இல்லை. மூக்கு வைக்க ஒன்பது நாள் ஆனது.

அவசரம் என்றால் பாத்திரங்கள் வேண்டாம். சீரியல் டைட்டில் போல எழுத்தையும் டப்பாவையும் மட்டும் நகர்த்தலாம். தொடக்க நிலையும் முடிவு நிலையும் வைத்தால் இடைப்பட்டதைக் கணினியே நிரப்பிவிடும். இரண்டு வாரம் போதும்.