சின்னப் பிள்ளைகளோடு உயிர்த்த ஞாயிறு

நாலு, ஆறு வயதுப் பிள்ளைகளோடு உயிர்த்த ஞாயிறை எப்படிக் கொண்டாடலாம் என்று கேட்டிருந்தீர்கள். பிரசங்கம் வேண்டாம், கோயில் மணியைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்க் கீதம் பாடும்போது அடித்த மணி, இயேசுவின் சாவை நினைத்து, சனி இரவு உயிர்ப்புப் பூசையில் அதே கீதம் வரும்வரை வாய் திறக்காது. "மணிக்கு என்ன நடந்தது?" என்று பிள்ளை கேட்டாலே பாதி விளங்கிவிட்டது.

சனி இரவுப் பூசை நீளம். மத்தியானம் நித்திரையாக்கி விடுங்கள். எங்கள் சின்னவள் பாஸ்காத் திரியில், அதாவது அந்தப் பூசையில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியில், அந்த ஆண்டின் 4 இலக்கங்களையும் தேடிப் பிடிப்பாள். ஒருமுறை மெழுகு சொட்டி அவள் விரல் சுட்டுவிட்டது, அதனால் கைத்திரிக்குத் தடித்த அட்டை வெட்டிக் கொடுங்கள்.

உயிர்த்த ஞாயிறு முட்டைக்குப் பூசச் சாயம் தேடி யாழ்ப்பாணக் கடைகளில் அலையாதீர்கள். சின்ன வெங்காயத் தோலோடு அவித்தால் செங்கபிலமாக வரும். முட்டை கொண்டுவருவதாகச் சொல்லும் ஈஸ்டர் முயலை நாங்கள் சேர்க்கவில்லை. சரி, சொக்லேட்டை மட்டும் யார் வேண்டாம் என்பார்கள்?