மனசு மறுக்காத ஒரு வாக்கியம்: வாசகர் கேள்விகள்

"நான் கோடீஸ்வரன்" என்று தினமும் நோட்டில் நூறு முறை எழுதுகிறேன். மூன்று மாதம் ஆகிவிட்டது. எழுதி முடித்ததும் மனசு இன்னும் கனத்துப் போகிறது. எங்கே தவறு?

தவறு உங்களிடம் இல்லை, அந்த வாக்கியத்தில் இருக்கிறது. வட்டி கட்டத் தவிக்கிற ஒருவர் "நான் கோடீஸ்வரன்" என்று எழுதினால், உள்ளிருந்து உடனே "பொய்" என்று பதில் வரும். நூறு முறை எழுதினால் நூறு முறையும் வரும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது. தங்களைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைத்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அதிகம் சோர்ந்துபோனார்கள். தன்னம்பிக்கை உள்ளவர்களுக்கோ கொஞ்சம் பலன் கிடைத்தது. மருந்து தேவைப்பட்டவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால் கோடியை விடுங்கள். "என் வரவு செலவை இப்போது நானே கவனிக்கிறேன்" என்று எழுதுங்கள். அன்று இரவே கணக்கு நோட்டைத் திறந்து செலவைக் குறித்து வையுங்கள். மறுநாள் அதே வரியை எழுதும்போது மனசு மறுக்காது, ஏனென்றால் அதற்குச் சாட்சி இருக்கிறது. நான் சொல்லித்தருகிற முறை முழுவதும் இவ்வளவுதான்.

மேடை ஏறினால் கை நடுங்குகிறது. "பயப்பட மாட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாமா?

வேண்டாம். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னால் கரடிதான் முதலில் வந்து நிற்கும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் இதைச் சோதித்தே காட்டினார். "பயப்பட மாட்டேன்" என்பதிலும் பயம்தான் முன்னால் நிற்கிறது.

"நான் அமைதியாக இருக்கிறேன்" என்பதும் அந்த நேரத்தில் எடுபடாது. நெஞ்சு படபடக்கும்போது அதை எப்படி நம்புவது? "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். உற்சாகத்திலும் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும், அதனால் உடம்பு அதை மறுக்காது. ஹார்வர்ட் பேராசிரியர் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், இப்படிச் சொல்லிவிட்டு மேடையில் பேசியவர்கள் "அமைதியாக இருக்கிறேன்" என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

எத்தனை முறை சொல்ல வேண்டும்? 21, 108 என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்களே?

எண்ணில் சக்தி எதுவும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸின் நான்சி நகரில் இருந்த மருந்தாளுநர் எமில் கூவே, "நாளுக்கு நாள் எல்லா வகையிலும் நான் மேலும் மேலும் தேறி வருகிறேன்" என்று காலை எழுந்ததும் இரவு படுக்கும்போதும் 20 முறை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமல் இருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு. நம் ஜபமாலை மாதிரிதான். எனக்கு அதில் பிடித்தது எண்ணிக்கை இல்லை, "தேறி வருகிறேன்" என்ற சொல். "தேறிவிட்டேன்" என்று அவர் சொல்ல வைக்கவில்லை, பாருங்கள்.

வாக்கியம் நிகழ்காலத்தில்தான் இருக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. படிப்பு, உடற்பயிற்சி போன்றவற்றுக்கு "காபி குடித்து முடித்ததும் பத்து நிமிடம் நடப்பேன்" என்று நேரத்தோடு சேர்த்து எழுதுவதே அதிகம் உதவும்.

இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. எந்த வாக்கியம் சொல்லட்டும்?

இப்போதைக்கு எந்த வாக்கியமும் வேண்டாம். நீங்கள் சொல்வது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். போக வழியில்லை என்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இன்றே பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். தேறியபின் எழுதுங்கள், உங்களுக்கான வரியைச் சேர்ந்தே யோசிப்போம்.