கடவுள் மேல் வழக்குப் போட்டவரும் கத்தோலிக்க ஆளுநரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒமாஹாவிலிருந்து எழுதுகிறேன். பதினோரு வருடமாக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில்தான் இருக்கிறோம். சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம், பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். சோளமும் மாடும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். இத்தனை கத்தோலிக்கக் கோயில்களை எதிர்பார்க்கவில்லை.

மகன் உறுதிபூசுதல் என்ற திருச்சடங்குக்குத் தயாராகிறான். மறைக்கல்வி வகுப்பில் மரண தண்டனை பற்றிய பாடம் வந்தபோது, 2018இல் இங்கே ஒருவருக்கு அது நிறைவேற்றப்பட்டதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அப்போது ஆளுநராக இருந்த பீட் ரிக்கெட்ஸும் கத்தோலிக்கர்தான் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கேட்டான்: "அபார்ஷன்னா மட்டும் சர்ச் சொல்றதைக் கேக்குறாங்க, இதுக்கு ஏன் கேக்கல?" என் கணவர், "எந்த ஊரா இருந்தாலும் அரசியல்வாதி அரசியல்வாதிதான்டா" என்று முடித்துவிட்டார். பையனுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். இவர்களை வேஷதாரிகள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமா?

அன்புடன்,
எஸ்., ஒமாஹா

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அங்கேயே நிறுத்திக்கொண்டால் உங்கள் மாநிலத்தில் நடந்த நல்ல கதை ஒன்று கைநழுவிப் போய்விடும். எர்னி சேம்பர்ஸ் என்ற பெயரைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் அந்தப் பெயர் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சேம்பர்ஸ் வடக்கு ஒமாஹாவின் கறுப்பினத் தலைவர், முடிதிருத்தும் தொழில் செய்தவர். 1970இல் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். உங்கள் சட்டமன்றமே ஒரு அதிசயம். அமெரிக்காவில் ஒரே அவை கொண்ட மாநிலம் நெப்ராஸ்கா மட்டும்தான். மொத்தம் 49 பேர், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. மரண தண்டனையை ஒழிக்கச் சொல்லி அந்த அவையில் ஏறக்குறைய நாற்பது வருடம் மசோதா மேல் மசோதாவாகப் போட்டார் சேம்பர்ஸ். 1979இல் ஒரு தடவை அது நிறைவேறிக்கூட விட்டது. அன்றைய ஆளுநர் ரத்து செய்துவிட்டார்.

மனிதருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அரசுச் சம்பளத்தில் ஒரு பாதிரியாரை வைத்துச் சட்டமன்றத்தில் ஜெபம் நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1983இல் தோற்றார். 2007இல் கடவுள் மேலேயே வழக்குப் போட்டார். வெள்ளம், பூகம்பம் என்று மக்களை அச்சுறுத்துவதை நிறுத்தும்படி கடவுளுக்கு உத்தரவிட வேண்டுமாம். கடவுளுக்கு விலாசம் இல்லாததால் சம்மன் அனுப்ப முடியாது என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். எல்லாம் அறிந்தவருக்குச் சம்மன் எதற்கு என்று கேட்டார் சேம்பர்ஸ். எவர் மேல் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், நீதிமன்றக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று காட்டத்தான் அதைச் செய்தார். ஆனாலும் அந்தக் குசும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

2015இல் நெப்ராஸ்காவின் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) நின்றது இந்த மனிதர் பக்கம். எதிரே நின்றவர் பூசைக்குப் போகிற ஆளுநர். மரண தண்டனை ஒழிப்பு மசோதா நிறைவேறியது, ரிக்கெட்ஸ் ரத்து செய்தார். அந்த ரத்தை முறியடிக்க 30 ஓட்டு வேண்டும். மே 27ஆம் தேதி எண்ணினார்கள், 30க்கு 19. ஒரு ஓட்டு குறைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த முப்பதில் ரிக்கெட்ஸின் சொந்தக் குடியரசுக் கட்சிக்காரர்களே நிறைய.

ரிக்கெட்ஸ் அதோடு விடவில்லை. பொது வாக்கெடுப்பு கேட்டு ஒரு கையெழுத்து இயக்கம் கிளம்பியது. அதற்குத் தன் கைக்காசிலிருந்து 2 லட்சம் டாலர் கொடுத்தார். பங்குத் தரகு நிறுவனம் நடத்திப் பெரும் பணக்காரரான அவர் அப்பா 1 லட்சம் கொடுத்தார். 2016 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஏறக்குறைய 61 சதவீதம் பேர் மரண தண்டனை வேண்டும் என்றார்கள். அந்த 61இல் ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பெட்டியும் சொல்லாது. இல்லாமலா இருப்பார்கள்?

அப்புறம் 2018. ஆகஸ்ட் 2ஆம் தேதி போப் பிரான்சிஸ், திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டைத் திருத்தினார். இந்த இடத்தில் ரிக்கெட்ஸுக்கும் நியாயமாக இருக்க வேண்டும். அதுவரைக்கும் அந்த ஏட்டில் ஒரு சந்து இருந்தது. சமூகத்தைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்றால் மரண தண்டனை கூடும், ஆனால் அப்படிப்பட்ட நிலை இன்றைக்கு அநேகமாக இல்லை என்பது இரண்டாம் ஜான் பால் காலத்து நிலைப்பாடு. 2015இல் ரிக்கெட்ஸ் அந்தச் சந்து வழியாகப் போனார் என்று சொல்லலாம். 2018இல் அதை அடைத்துவிட்டார்கள், மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று. அடைத்துப் பன்னிரண்டாவது நாள், ஆகஸ்ட் 14ஆம் தேதி, மாநிலத் தலைநகர் லிங்கனில் கேரி டீன் மூர் என்பவருக்கு விஷ ஊசி போட்டார்கள். 1979இல் ஒமாஹாவில் இரண்டு டாக்ஸி டிரைவர்களைக் கொன்றவர். போராடிப் போராடிக் கடைசியில் மேல்முறையீட்டையே கைவிட்டிருந்தார். நெப்ராஸ்காவில் 1997க்குப் பிறகு அதுதான் முதல் மரண தண்டனை. ஃபென்டனில் என்ற வலிநிவாரணி மருந்தை இதற்குப் பயன்படுத்தியது அமெரிக்காவிலேயே அதுதான் முதல் தடவை. நிறுத்தச் சொல்லி ஆயர்கள் கேட்டுக்கொண்டார்கள். போப்பின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் மரண தண்டனை நெப்ராஸ்கா மக்களின் விருப்பம், மாநிலத்தின் சட்டம் என்பதுதான் ரிக்கெட்ஸின் பதில்.

அந்தப் பதிலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1960 செப்டம்பரில், ஹூஸ்டனில், புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன்னால் நின்று ஜனாதிபதி வேட்பாளர் கென்னடி சொன்னதன் சாரம் அதுதான். நான் கத்தோலிக்க வேட்பாளர் இல்லை, ஜனநாயகக் கட்சி வேட்பாளர், மதத்தால் கத்தோலிக்கன், என் பொதுக் கடமையில் ரோம் தலையிடாது. அந்தக் காலத்தில் அதைச் சொல்லியே தீர வேண்டியிருந்தது. சொல்லியும் உங்கள் மாநிலம் அசையவில்லை. எதிரே நின்ற நிக்சனுக்கு 62 சதவீதம் கொடுத்தது. அந்தத் தேர்தலில் வேறெந்த மாநிலத்திலும் அவருக்கு அவ்வளவு கிடைக்கவில்லை.

பிறகு அதே வாதத்தைக் கருக்கலைப்பு விஷயத்தில் எடுத்துக்கொண்ட கத்தோலிக்க அரசியல்வாதிகளை ஆயர்கள் சும்மா விடவில்லை. உங்களுக்கு வடக்கே தெற்கு டகோட்டா. அங்கே செனட்டராக இருந்த டாம் டாஷலும் அவருடைய ஆயரும் 1997இல் ஊரறிய மோதிக்கொண்டார்கள். 2004இல் டாஷல் சுமார் 4,500 ஓட்டில் தோற்றார். மதம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவ்வளவு சின்ன வித்தியாசத்தில் எதுவும் காரணமாகலாம். டாஷல் பிடித்த அதே குடையைத்தான் ரிக்கெட்ஸும் பிடித்தார். மழைதான் வேறு.

எனக்கு உறுத்துவது அது இல்லை. "மக்கள் விருப்பம்" என்ற அந்த வார்த்தைதான். மக்கள் தேர்ந்தெடுத்த அவை ஒழித்தபோது அது அவருக்கு மக்கள் விருப்பமாகத் தெரியவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டு மக்களை வாக்குச்சாவடிக்கு வரவழைத்து, அவர்கள் சொன்னதை வாங்கிக்கொண்டு, போப்பிடம் கேட்டால் "என் கையில் என்ன இருக்கிறது" என்று விரிக்கிறார். வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். மரண தண்டனை வேண்டும் என்று அவர் மனதார நம்பினார் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அதைத் தன் நம்பிக்கை என்று சொல்லி நின்றிருக்கலாம். மக்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றிருக்க வேண்டாம்.

கட்சி ஒரு பக்கம் இழுக்க நம்பிக்கை இன்னொரு பக்கம் போன கதையும் அங்கேயே இருக்கிறது. மைக் ஃபிளட், நார்ஃபோக் ஊர்க்காரர், கத்தோலிக்கர், குடியரசுக் கட்சி. சட்டமன்றத் தலைவராக இருந்தபோது 2010இல் 20 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்புக்குத் தடை கொண்டுவந்தார். 2012இல் ஆவணமில்லாமல் குடியேறிய கர்ப்பிணிகளுக்கு அரசு செலவில் பேறுகால மருத்துவம் தரும் மசோதா வந்தது. அவர் கட்சி ஆளுநரே அதை ரத்து செய்தார். ஃபிளட் மசோதா பக்கம் நின்றார், ரத்து முறிந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தையிடம் குடியுரிமை கேட்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தின் வாதம். ஃபிளட்டின் மற்ற பல நிலைப்பாடுகள் எனக்கு ஒத்துவராது. ஆனால் உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு அவர் அந்த ஒரு தடவை நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் தவக்காலத்தில் ஒமாஹாவில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை பங்குக் கோயிலில் மீன் வறுக்கிறார்கள் என்று கூட்டிப்போனார். வரிசை கார் நிறுத்துமிடம் வரைக்கும் நீண்டிருந்தது. அட்டைத் தட்டில் மொறுமொறு மீன், கோஸ் கலவை, ரை ரொட்டி, கையில் பிளாஸ்டிக் டம்ளரில் பீர். பங்கு வளாகத்தில் பீரா என்று நான் முழித்ததைப் பார்த்து நண்பர் சிரித்தார். உள்ளூர் வேட்பாளர் ஒருவர் வரிசையில் பின்னாலிருந்து முன்னாலும் முன்னாலிருந்து பின்னாலும் நடந்து, எண்ணெய்க் கைகளையெல்லாம் குலுக்கிக்கொண்டிருந்தார். பங்குத்தந்தை மறு கோடியில் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வேட்பாளருக்கு வேண்டியது அந்த வரிசை.

அந்த வரிசை ஒரே நாளில் உண்டானதும் இல்லை. முடிந்தால் பையனை ஓனீல் ஊருக்குக் கூட்டிப்போங்கள். கனடா மேல் படையெடுத்துத் தோற்ற அயர்லாந்து விடுதலைக்காரர் ஜான் ஓனீல், ஏழை அயர்லாந்துக்காரர்களைக் கூட்டிவந்து குடியேற்றிய ஊர் அது. நாற்சந்தியில் சாலை முழுக்கப் பச்சை நிறத்தில், அயர்லாந்தின் சின்னமான மூவிலைக் கிளாவர் பெரிதாக இருக்கிறது. மாடு ஏற்றிய லாரிகள் அதன் மேலேயே போகின்றன. கத்தோலிக்கர் என்றால் அந்நியர் என்றிருந்த நாட்டில் இப்படி ஊர் ஊராக வேர் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வரிசையில் நிற்கிறார்கள். ரோம் நம்மை ஆளுமோ என்று பயந்த காலம் போய், ரோம் சொல்வதை ஆளுநரே கேட்கவில்லையே என்று ஆயர்கள் வருந்தும் காலம் வந்திருக்கிறது. ரிக்கெட்ஸுக்குப் பின் வந்த ஆளுநர் ஜிம் பில்லனும் கத்தோலிக்கர்தான், பன்றிப் பண்ணைக்காரர். அது அங்கே யாருக்கும் செய்தியே இல்லை.

பையனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். உங்கள் ஊரை ஒட்டி ஓடும் மிசௌரி ஆற்றின் பெயரையே கொண்ட பக்கத்து மாநிலத்துக்கு 1999 ஜனவரியில் இரண்டாம் ஜான் பால் வந்திருந்தார். செயின்ட் லூயிஸ் பேராலயத்தில் ஜெபம் முடிந்ததும் ஆளுநர் மெல் கார்னஹானிடம் ஒரு கைதிக்காகக் கேட்டார். மூன்று கொலை செய்தவர் அந்தக் கைதி. ஆளுநர் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார். கார்னஹான் கத்தோலிக்கர் இல்லை, பாப்டிஸ்ட். போப் ஊர் திரும்பிய பிறகு, அந்த வருடமே மிசௌரியில் மறுபடியும் மரண தண்டனைகள் நிறைவேறின. அவற்றைக் கார்னஹான் நிறுத்தவில்லை.

அன்புடன்